இயந்திரம் தரும் அவகாசம்

இரவு இரண்டு மணி. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு மருத்துவர் வெளியே வருகிறார். "மருந்துகளால் இரத்த அழுத்தம் நிற்கவில்லை. எக்மோ பொருத்த வேண்டியிருக்கும். விரைவில் முடிவைச் சொல்லுங்கள்" என்கிறார். வாசலில் மனைவியும் மகனும் நிற்கின்றனர். கையில் ஓர் ஒப்புதல் படிவம் தரப்படுகிறது. அதன்கீழ் முன்பணமாகச் செலுத்த வேண்டிய தொகை எழுதப்பட்டிருக்கிறது. சிந்திக்கக் கிடைப்பதோ சில நிமிடங்கள்.

எக்மோ என்னும் சொல் தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. 2016 டிசம்பரில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவுக்கும், 2020-இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கும் அக்கருவி பொருத்தப்பட்ட செய்தி வீடுதோறும் பேசப்பட்டது. ஆயினும் அது என்ன செய்கிறது, எத்தனை நாள் செய்யும், அதன் பிறகு என்ன என்பவற்றை நம்மில் பலர் அறிந்துகொள்ளும் வாய்ப்பு அமையவில்லை. நம் வீட்டு வாசலுக்கு அந்தக் கேள்வி வரும்போதுதான் அதைப் பற்றி முதன்முறையாக எண்ணிப் பார்க்கிறோம்.

வங்கித் துறையில் இடைக்காலக் கடன் என்று ஒன்று உண்டு. பழைய வீட்டை விற்ற பணம் வருவதற்குள் புதிய வீட்டுக்குப் பணம் செலுத்த வேண்டியவருக்கு அது உதவும். அதைக் கேட்டு வருபவரிடம் வங்கி முதலில் கேட்பது, எந்த வரவைக் கொண்டு இது தீரும் என்பதையே. இதயத்தைத் தாங்கும் இயந்திரங்களையும் மருத்துவர்கள் 'பாலம்' என்றே குறிப்பிடுகின்றனர். அவை நோயைத் தீர்ப்பதில்லை; அவகாசத்தைத் தருகின்றன. அந்த அவகாசம் எதற்காக, பாலத்தின் மறுகரை எது என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான் ஒப்புதல் படிவத்தில் இடும் கையெழுத்துக்குப் பொருள் உண்டு. இக்கட்டுரையில் அந்தக் கேள்வியை மையமாக வைத்தே இக்கருவிகளை அறிமுகம் செய்கிறோம்.

இதயச் செயலிழப்பு என்பது என்ன?

இதயம் ஒரு பம்பு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடித்து, ஓய்வில் இருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. இந்தப் பணியில் பெரும்பங்கு இடது கீழறையைச் சார்ந்தது. மாரடைப்பால் தசை மடிந்தாலோ, நெடுநாள் இரத்த அழுத்தத்தால் சுவர் தடித்தாலோ, வைரஸ் தொற்றாலோ மரபுக் குறையாலோ தசை தளர்ந்தாலோ, பம்பின் ஆற்றல் குறைகிறது. இதையே இதயச் செயலிழப்பு என்கிறோம். இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை என்பதே பொருள்.

இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை விழுக்காடு வெளியேறுகிறது என்பதை எக்கோ பரிசோதனை அளந்து காட்டும். அது 50-க்கு மேல் இருப்பது இயல்பு. 40-ஆகவோ அதற்குக் கீழாகவோ குறைந்தால் பம்பு பலவீனமடைந்துவிட்டது என்று கொள்வர். இன்று இதற்கு நான்கு வகை மருந்துகள் ஒருசேரத் தரப்படுகின்றன. அவற்றை ஒழுங்காக உட்கொள்பவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கின்றனர். அவர்களுக்கு இயந்திரம் தேவைப்படுவதில்லை.

ஆயினும் நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிடலாகாது. திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் 2013-இல் இதயச் செயலிழப்புடன் அனுமதிக்கப்பட்ட 1,205 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவர்களின் சராசரி வயது 61. ஐந்தாண்டுகளுக்குள் 59 விழுக்காட்டினர் உயிரிழந்தனர். மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்களைப் பாதிக்க, நம் நாட்டிலோ அது ஏறத்தாழ பத்தாண்டுகள் முன்னதாகவே வந்து சேர்கிறது. வீட்டுக் கடன் முடியாத, மகளின் திருமணம் நடந்தேறாத வயது அது.

நாள் கணக்கில் தாங்கும் கருவிகள்

கடும் மாரடைப்புக்குப் பின்னரோ, நாட்பட்ட நோய் திடீரென முற்றும்போதோ, இரத்த அழுத்தம் சரிந்து சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்கு இரத்தம் போதாமற் போகலாம். இந்நிலையில் சில நாட்கள் மட்டும் இதயத்துக்குத் தோள் கொடுக்கும் கருவிகள் உள்ளன.

அவற்றுள் பழைமையானதும் எளிமையானதும் பலூன் பம்ப். அமெரிக்க அறுவை மருத்துவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் 1967-இல் இதை நோயாளியிடம் முதன்முதலாகப் பயன்படுத்தினார். தொடைத் தமனி வழியாக ஒரு நீண்ட பலூனைப் பெருந்தமனிக்குள் செலுத்துவர். இதயம் விரியும் நொடியில் பலூன் ஹீலியம் வாயுவால் உப்பி, இதயத் தசைக்குச் செல்லும் தமனிகளுக்குள் இரத்தத்தைத் தள்ளும். இதயம் சுருங்குவதற்குச் சற்று முன் பலூன் சுருங்கி, பம்பின் சுமையைக் குறைக்கும். செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. ஆனால் ஜெர்மனியில் 600 நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பால் ஏற்பட்ட அதிர்ச்சி நிலையில் பலூன் பம்ப் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் முப்பது நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே இன்று எல்லோருக்கும் வழக்கமாக இது வைக்கப்படுவதில்லை.

இரண்டாவது, இம்பெல்லா என்னும் நுண்பம்பு. மெல்லிய குழாயின் நுனியில் அமைந்த இச்சுழலி, தமனி வழியே இடது கீழறைக்குள் சென்று, அங்குள்ள இரத்தத்தை இழுத்துப் பெருந்தமனிக்குள் விடுகிறது. மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்குச் சென்றவர்களில் தேர்ந்தெடுத்த ஒரு பிரிவினரிடம் நடத்தி 2024-இல் வெளியிடப்பட்ட ஐரோப்பிய ஆய்வில், 180 நாட்களுக்குள் இறந்தோர் இம்பெல்லா குழுவில் 45.8 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 58.5 விழுக்காடு. பயன் தெளிவு. ஆனால் இரத்தக் கசிவு, காலுக்கு இரத்த ஓட்டம் தடைபடுதல் போன்ற சிக்கல்கள் இம்பெல்லா குழுவிலேயே மிகுதியாக இருந்தன.

மூன்றாவது எக்மோ. இதன் மூதாதை, அறுவை அரங்கில் பயன்படும் இதய நுரையீரல் இயந்திரம். ஜான் கிப்பன் என்னும் மருத்துவர் 1953 மே 6 அன்று பிலடெல்ஃபியாவில், அவ்வியந்திரத்தின் துணையோடு திறந்த இதய அறுவையை முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். அங்கே சில மணி நேரம் மட்டும் நடப்பதை, எக்மோ நாட்கணக்கில் படுக்கையருகே செய்கிறது. தொடைச் சிரையிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்து, செயற்கைச் சவ்வு ஒன்றின் வழியாக ஆக்சிஜனை ஏற்றிக் கரியமில வாயுவை நீக்கி, தமனி வழியே மீண்டும் உடலுக்குள் அனுப்புகிறது. நுரையீரல் மட்டும் பழுதான நோயாளிகளுக்கு இரத்தம் சிரையிலேயே திருப்பி விடப்படும். இதயம் பழுதானால்தான் தமனி வழி.

எக்மோ இயங்கும்போது இதயம் ஏறக்குறைய அசையாதிருந்தாலும் உடல் உயிர்த்திருக்கும். அதுவே அதன் வலிமை. குடும்பத்தினரைக் குழப்புவதும் அதுவே. திரையில் எண்கள் சீராகத் தெரிவதால் நோயாளி தேறி வருகிறார் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அந்த எண்களில் பெரும்பகுதி இயந்திரத்தினுடையவை. மருத்துவர்கள் இயந்திரத்தின் வேகத்தைச் சிறிது குறைத்துப் பார்க்கும்போது இதயம் தானாக எவ்வளவு செய்கிறது என்பதே நாம் கேட்டறிய வேண்டிய செய்தி. இரத்தக் கசிவு, பக்கவாதம், தொற்று ஆகிய இடர்கள் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே செல்லும். மாரடைப்பு அதிர்ச்சி நிலையில் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே எக்மோ பொருத்துவதால் இறப்பு குறைகிறதா என்று 420 நோயாளிகளிடம் ஆராய்ந்த ஜெர்மானிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. குறையவில்லை என்பதே அதன் முடிவு. மீளக்கூடிய காரணம் உள்ளவருக்கு, உரிய நேரத்தில், அனுபவமிக்க குழுவின் கையில் எக்மோ உயிர் காக்கும். மறுகரை இல்லாதவருக்கு அது இறுதி நாட்களை நீட்டிக்கவே செய்யும்.

ஆண்டுக் கணக்கில் தாங்கும் கருவி

நாட்பட்ட நோயால் இதயம் மீளாத நிலையை அடைந்து, மருந்துகளும் பயன் தராதபோது, உடலுக்குள்ளேயே பொருத்தப்படும் பம்பு ஒன்று உண்டு. இடது கீழறைத் துணைக்கருவி எனப்படும் இதை மருத்துவமனைகளில் எல்வாட் என்பர். இதயத்தை அகற்றாமல், அதன் நுனியில் பம்பைப் பொருத்தி, அங்கிருந்து ஒரு குழாயைப் பெருந்தமனியில் இணைத்து விடுவர். இடது கீழறை செய்ய இயலாததைப் பம்பு செய்கிறது.

இக்கருவி மருந்தைவிட மேலானதா என்பதை 129 நோயாளிகளிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2001-இல் வெளிவந்தது. மாற்று இதயம் பெறத் தகுதியற்ற, நோய் முற்றிய அவர்களில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினரே ஓராண்டைக் கடந்தனர். கருவி பெற்றவர்களில் 52 விழுக்காட்டினர் கடந்தனர். ஆனால் இரண்டாம் ஆண்டின் முடிவில் கருவி பெற்றவர்களிலும் 23 விழுக்காட்டினரே எஞ்சினர். அன்றைய பம்புகள் பெரியவை; விரைவில் பழுதாகக் கூடியவை. இன்று பயன்படும் ஹார்ட்மேட் 3-இன் எடை ஏறத்தாழ 200 கிராம். அதன் சுழலி எதையும் தொடாமல் காந்த விசையால் மிதந்து சுழல்வதால் உராய்வில்லை; இரத்தம் உறைந்து பம்பு அடைபடுவது அரிதாகிவிட்டது. அதைப் பெற்றவர்களில் 58 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் உயிருடன் இருந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

இந்த ஆண்டுகளின் அன்றாட வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதையும் அறிந்துகொள்வது நலம். பம்பின் மின்கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வந்து, இடுப்பில் அணியும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இணைகிறது. அப்பெட்டிக்கு இரண்டு பேட்டரிகள். ஒரு சோடி 10 முதல் 17 மணி நேரம் வரை தாங்கும். உறங்கும்போது வீட்டு மின்சாரத்தில் இணைத்துக்கொள்ள வேண்டும். மின்வெட்டு நேரும் ஊர்களில் இன்வெர்ட்டரும் கூடுதல் பேட்டரிகளும் இன்றியமையாதவை. கம்பி வெளிவரும் இடத்தை நாள்தோறும் தூய்மை செய்து கட்டுப் போட வேண்டும். அங்கே தொற்று ஏற்பட்டால் அது ஆழமாகப் பரவும். ஆற்றிலோ குளத்திலோ மூழ்கிக் குளித்தல் கூடாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொண்டு, அதன் அளவை அடிக்கடி இரத்தப் பரிசோதனையால் சரிபார்க்க வேண்டும்.

மற்றொன்று: பம்பு இரத்தத்தை இடைவிடாமல் செலுத்துவதால் பலருக்கு மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. மயங்கி விழுந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் அண்டை வீட்டார் அவர் இறந்துவிட்டதாகவே எண்ணிவிடக் கூடும். ஆதலால் குடும்பத்தார் மட்டுமன்றி அண்டை வீட்டாரும் பக்கத்து மருத்துவரும் இதை அறிந்திருக்க வேண்டும். உடனிருந்து கவனிக்க ஒருவர் இல்லாத நோயாளிக்கு மருத்துவர்கள் இக்கருவியைப் பரிந்துரைக்கத் தயங்குவது இதனாலேயே. வலப்பக்க இதயமும் பழுதாகியிருந்தாலோ, சிறுநீரகம் மீளாத நிலையில் இருந்தாலோ, எல்வாட் பெரும்பாலும் பொருந்தாது.

பாலத்தின் மறுகரை

மறுகரைகள் நான்கு. முதலாவது, இதயம் தானே மீளுதல். வைரஸ் தொற்றால் தசை வீங்கியவர்களிலும் மகப்பேற்றை ஒட்டி இதயம் தளர்ந்தவர்களிலும் சிலர் இவ்வாறு மீள்கின்றனர். இரண்டாவது, முடிவெடுப்பதற்கான அவகாசம். நோயாளி நினைவுடன் இருக்கிறாரா, மூளை பாதிக்கப்பட்டுள்ளதா என்பது தெரியும் வரை சில நாட்கள் தாங்குதல். மூன்றாவது, மாற்று இதயம் கிடைக்கும் வரை காத்திருத்தல். நான்காவது, எல்வாட் கருவியுடனேயே எஞ்சிய வாழ்நாளைக் கழித்தல்.

இவற்றுள் மூன்றாவது கரை நம் நாட்டில் குறுகலானது. 1968-இலேயே மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் மருத்துவர் பி.கே. சென் மாற்று இதய அறுவையைச் செய்து பார்த்தார், நோயாளி பிழைக்கவில்லை. உறுப்பு மாற்றுச் சட்டம் நிறைவேறிய 1994-ஆம் ஆண்டில், ஆகஸ்ட் 3 அன்று, தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் பி. வேணுகோபால் தலைமையில் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று நடந்தது. அதன்பின் பல நகரங்களில் இச்சிகிச்சை வளர்ந்திருப்பினும், அண்மை ஆண்டுகளில்கூட நாடு முழுவதும் ஆண்டுக்கு முந்நூறுக்கும் குறைவான இதயங்களே மாற்றப்பட்டுள்ளன. தேவையோ அதைப் போலப் பன்மடங்கு. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் ஒப்புக்கொண்டால்தான் ஓர் இதயம் கிடைக்கும். நம் குடும்பத்தில் உறுப்புக் கொடை பற்றிய விருப்பத்தை வெளிப்படையாகப் பேசி வைப்பது, அறிமுகமற்ற ஒருவரின் பாலத்துக்கு நாம் அமைக்கும் மறுகரை.

பணம் குறித்துச் சில சொற்கள்

எக்மோ சிகிச்சைக்கு ஒரு நாளைக்கே லட்ச ரூபாய் அளவில் செலவாகக்கூடும். எல்வாட் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் கருவி. பல பத்து லட்சங்கள் தேவைப்படும். ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. எழுபது வயது நிறைந்த எவரும் வருமான வேறுபாடின்றி அதில் சேரலாம். ஆயினும் மேற்கண்ட செலவுகளுக்கு அது ஈடாகாது. தனியார் காப்பீட்டில் நோய் வந்த பின் சேர்ந்தால், முன்பே உள்ள நோய்க்கு மூன்றாண்டுகள் வரை காத்திருக்க நேரிடலாம். உடல்நலத்துடன் இருக்கும்போதே காப்பீடு எடுத்து, கருவிகளுக்கும் அறை வாடகைக்கும் உச்சவரம்பு உள்ளதா என்று ஆவணத்தைப் படித்துப் பார்த்தல் நன்று.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, நாங்கள் கிளைகளில் அடிக்கடி காணும் ஒரு தவறான எண்ணத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். நியமனதாரராகப் பெயர் பதிவாகியிருந்தால் அவசரத்துக்குப் பணம் எடுக்கலாம் என்று பலர் நம்புகின்றனர். நியமனதாரரின் உரிமை கணக்குதாரர் மறைந்த பின்னரே தொடங்குகிறது. அவர் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும்போது அக்கணக்கிலிருந்து நியமனதாரர் ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுச் சேமிப்புக் கணக்கு ஒன்றை வைத்திருப்பது இதற்குத் தீர்வு. கூட்டு நிரந்தர வைப்பாக இருந்தாலும், முதிர்வுக்கு முன் எடுக்க இருவர் கையெழுத்தும் தேவைப்படலாம். உங்கள் கிளையில் இன்றே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

முன்னதாகவே பேசுவோம்

இதயச் செயலிழப்பு உள்ளவர் ஓராண்டில் இருமுறையோ அதற்கு மேலோ மருத்துவமனையில் சேர நேர்ந்தாலோ, இரத்த அழுத்தம் தொடர்ந்து 90-க்குக் கீழே இருந்தாலோ, முன்பு ஏற்றுக்கொண்ட மருந்தை உடல் இப்போது தாங்காமற் போனாலோ, நீர் வெளியேற்றும் மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போனாலோ, சிறுநீரகத்தின் செயல் குறைந்துவந்தாலோ, மேம்பட்ட இதயச் சிகிச்சை மையத்தின் ஆலோசனையை அப்போதே நாட வேண்டும். தாமதமானால் பிற உறுப்புகளும் பழுதாகி, எந்தக் கருவிக்கும் பொருந்தாத நிலை ஏற்பட்டுவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மிகச் சில. எந்த மறுகரையை நோக்கி இக்கருவியைப் பொருத்துகிறீர்கள்? பயன் தெரிய எத்தனை நாள் ஆகும்? அந்த நாளில் எதை வைத்து முடிவு செய்வீர்கள்? எதிர்பார்த்தது நடக்கவில்லையெனில் அடுத்து என்ன? கடைசிக் கேள்வியைக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. நல்ல மருத்துவக் குழு அதை வரவேற்கவே செய்யும்.

இக்கேள்விகளுக்கு நோயாளியே விடை சொல்லும் வழியும் நம் நாட்டில் உண்டு. உயிர்காக்கும் கருவிகளை எந்நிலையில் தமக்குத் தொடர வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெறலாம். தம் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயர்களையும் அதில் குறிப்பிடலாம். அதன்படி நடப்பதற்கு முன் இரண்டு மருத்துவக் குழுக்கள் நோயாளியின் நிலையை ஆராயும்.

தந்தையின் இதயம் தளர்ந்துவிட்டது என்று மருத்துவர் முதன்முதலில் சொல்லும் நாளில் அவர் நம்மோடு அமர்ந்து உண்ணுகிறார், பேரக்குழந்தையுடன் பேசுகிறார். "அப்பா, இயந்திரம் வைக்க வேண்டி வந்தால் உங்கள் விருப்பம் என்ன?" என்று அன்றே கேட்பது நமக்குக் கடினமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் முயன்று பாருங்கள் என்று அவர் சொல்லலாம். வீட்டிலேயே அமைதியாக இருக்கவே விரும்புகிறேன் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அது அவருடைய சொல். இரவு இரண்டு மணிக்குப் படிவத்தில் கையெழுத்திடும் மகன், அப்போது தன் அச்சத்தின் பேரில் முடிவு செய்ய வேண்டியிருக்காது; தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றுகிறோம் என்ற தெளிவுடன் கையெழுத்திடலாம்.